சைக்கிள் பேண்ட், வேலை பேண்ட்

தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவனின் பேண்ட் இரண்டு இடங்களில் சாகும். ஒன்று, வலது காலின் கீழ் விளிம்பு. செயின் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. இன்னொன்று, உட்காரும் இடம். முழங்காலில் கிழிந்து ஒரு பேண்ட் வீணாய்ப் போனதை நான் பார்த்ததே இல்லை. இதையெல்லாம் காரில் போகிறவர்களிடம் சொன்னால் ஏதோ தொற்றுநோயைப் பற்றிப் பேசியதுபோல் ஓரடி தள்ளி நிற்பார்கள். என் அக்கா நோலீன் காரில் போகிறவள்.

என் பெயர் கீத். ஐம்பத்தெட்டு வயது. தார்ன்பரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை. உடைந்த நாற்காலி, அடைத்துக்கொண்ட குழாய், கூரையில் மாட்டிய பந்து எல்லாம் என் தலையில். தம்பி நெவில் என்னைவிட ஏழு வயது இளையவன். எங்களுக்கு அவன் நெவ். பிறந்தபோது அவன் மூச்சு விடக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்று அம்மா சொல்வாள். படிப்பு ஏறவில்லை. ஆனால் ஒரு காரியத்தைப் பத்துத் தடவை செய்து காட்டிவிட்டால் சாகும்வரை மறக்கமாட்டான். அம்மா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து ஃபாக்னரில் அவளுடைய செங்கல் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

நெவ்வுக்கு ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு பணிமனையில் வேலை. மேசை நாற்காலிக்கான திருகாணிகளைப் பொட்டலம் போடுவான். வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர், பெரும்பாலும் மெர்ரி ஓடையை ஒட்டிய பாதை. காலையில் சேர்ந்து போவோம். மாலையில் அவனுக்கு மூன்றரைக்கே முடிந்துவிடும், தனியாக வருவான். அந்த ஒன்பது கிலோமீட்டரில் அவனை யாரும் கண்காணிப்பதில்லை. எங்கே நின்றான், எந்த வாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று அவன் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவன் வாழ்க்கையில் அப்படி ஒரு நேரம் அது ஒன்றுதான்.

எங்கள் வீட்டுச் சட்டம் எளிது. சைக்கிள் பேண்ட் சைக்கிளுக்கு, வேலை பேண்ட் வேலைக்கு. வேலை பேண்ட் ஆளுக்கு மூன்று, வேலை செய்யும் இடத்து லாக்கரிலேயே தொங்கும். அழுக்கானால் ஒரு துண்டோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டு வருவோம், துவைத்து அதேமாதிரி சுருட்டித் திருப்பிக் கொண்டுபோவோம். மடித்தால் கோடு விழும், சுருட்டினால் விழாது. முதுகில் பை மாட்டக்கூடாது, சட்டை தோளில் தேயும். பை கேரியரில்தான் தொங்க வேண்டும். சனிக்கிழமைதோறும் பழைய சாக்ஸை வைத்துச் செயினைத் துடைக்க வேண்டும், சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட வேண்டும், மறுபடி துடைக்க வேண்டும். எண்ணெய் வழிகிற செயின்தான் துணியைத் தின்னும். கிளம்பும் முன் வலது காலைச் சாக்ஸுக்குள் செருக வேண்டும். அதையும் மீறிக் கறை பட்டால் உடனே தண்ணீர் காட்டக்கூடாது, பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவி ஊறவிட வேண்டும். துவைக்கும்போது உள்பக்கம் வெளியே இருக்க வேண்டும், நிழலில் காய வேண்டும். இதில் ஒன்றைக்கூட நெவ் இதுவரை தவறவிட்டதில்லை. தவறவிடுகிற ஆள் நான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பரிசோதனை. சைக்கிள் பேண்ட்டின் உட்காரும் இடத்தைச் சமையலறை ஜன்னலில் விரித்துப் பிடிப்பேன். வெளிச்சம் ஊசிமுனை அளவுக்கு வந்தாலும் அந்த வாரமே உள்பக்கம் ஒட்டுப் போட வேண்டும். கிழிந்தபிறகு ஒட்டினால் அது வெறும் மானம் காப்பது. கிழியும் முன் ஒட்டினால் இன்னும் இரண்டு வருடம் ஓடும். அம்மாவின் தையல் மெஷினில் கருநீல நூல் போட்டுக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுவேன். நெவ்வுக்கு மெஷினைத் தொட அனுமதி இல்லை. ஒருதடவை ஊசி விரலுக்குள் போய்விட்டது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அளவு, ஒரே கருநீலம், ஒரே கடை. இடுப்புப்பட்டையின் உள்ளே அவனுடையதில் அவன் பெயரின் முதல் எழுத்தும் என்னுடையதில் என் பெயரின் முதல் எழுத்தும் மையால் எழுதியிருக்கும்.

இதையெல்லாம் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பன்னிரண்டு வருடமாகச் செய்து அலுத்துப்போனதைச் சொல்கிறேன். மார்ச் மாதம் பள்ளியில் என்னோடு இருந்த இன்னொரு ஆள் விலகிப்போனான், அவன் இடத்துக்கு யாரும் வரவில்லை. இரண்டு பேர் வேலை என்மேல் விழுந்தது. வீட்டுக்கு வந்தால் ஷூவைக் கழற்றாமல் நாற்காலியிலேயே தூங்கிவிடுவேன். ஞாயிறு மதியங்களில் நெவ்வுடைய பேண்ட்டை மட்டும் ஜன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னுடையதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று கண்ணை மூடுவேன். ஏப்ரலிலிருந்து சைக்கிளில் உட்காரும்போது அடியில் ஏதோ முண்டு முண்டாக உறுத்தியது. சீட் பழசாகிவிட்டது என்று நினைத்தேன். மாற்றத் தெம்பில்லை. உறுத்தினால் உறுத்தட்டும் என்று ஓட்டினேன்.

நோலீன் நகரத்தின் அந்தக் கோடியில், பாக்கன்ஹாமில் இருக்கிறாள். மாதத்தின் முதல் ஞாயிறு ஒரு தட்டு லசானியாவோடு வருவாள். மே மாதம் வந்தபோது பின்பக்கம் கொடியருகே வெகுநேரம் நின்றாள். துணிகளுக்கு நடுவே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். சிக்னல் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஜூனில் கடிதம் வந்தது. நெவ்வுக்குத் தன்னைக் காப்பாளராக நியமிக்க வேண்டும் என்று தீர்ப்பாயத்தில் விண்ணப்பித்திருந்தாள். பாக்கன்ஹாமில் அவள் வீட்டுக்குப் பக்கத்தில் நெவ் மாதிரி நாலு பேர் சேர்ந்து இருக்கும் வீடு ஒன்றில் ஓர் அறை காலியாக இருக்கிறதாம். எங்கே போனாலும் வேனில் கூட்டிக்கொண்டு போவார்களாம். காரணம் என்ற இடத்தில், உடைகளில் தெரியும் புறக்கணிப்பு, படங்கள் இணைக்கப்பட்டுள்ளன என்று எழுதியிருந்தது.

போன் போட்டேன்.

"என்ன நோலீன் இது?"

"வந்துருச்சா? நானே சொல்லணும்னுதான் இருந்தேன்."

"ஞாயித்துக்கெழம லசானியா சாப்பிடறப்ப சொல்லியிருக்கலாமே. எதுத்தாப்புலதான உக்காந்திருந்த?"

"கிண்டல் பண்ணாத கீத். அவன் போட்டிருக்கிற பேண்ட்டப் பாத்தியா? பின்னாடி ஒட்டு, ஒட்டு மேல ஒட்டு. கால்ல கறுப்பா கறை. அம்மா இருந்தா விட்டுருப்பாளா?"

"அது சைக்கிள் பேண்ட்."

"பேண்ட்ல என்னடா சைக்கிள் பேண்ட்? அப்ப நல்ல பேண்ட் எங்க?"

"வேலை செய்ற எடத்துல. லாக்கர்ல."

"மூணுமா?"

"மூணும்."



"கீத், நீ சொல்றது உனக்கே எப்படிக் கேக்குது? ஒரு மனுஷன் நல்ல துணியெல்லாம் வேலைல வெச்சுட்டு, வீட்ல கிழிசலப் போட்டுக்கிட்டு இருக்கான்."

சைக்கிளில் போகிற எவனிடம் சொன்னாலும் தலையாட்டியிருப்பான். அவளிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"நீயும் களைச்சுப் போயிட்டடா," என்றாள், குரலைத் தணித்து. "போன தடவ நான் பேசிக்கிட்டே இருக்கேன், நீ தூங்கிட்ட. கையில முள்கரண்டியோட."

அது உண்மை. அதனால்தான் கோபம் வந்தது. போனை வைத்துவிட்டேன்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அன்று படுத்தபோது, அவன் போய்விட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாயிறு முழுக்கத் தூங்கலாம். ஒரு பேண்ட்டைத் துவைத்தால் போதும். நினைக்க நினைக்கச் சுகமாக இருந்தது, அதற்காக என்னை எனக்கே பிடிக்கவில்லை. நோலீன் ஜெயித்தால் நெவ்வின் சைக்கிள் கராஜில் தூசி படியும். மாலையில் அந்த ஒன்பது கிலோமீட்டர் அவனுக்கு இல்லாமல் போகும். இது தெரிந்தும் அப்படி நினைத்தேன்.

விசாரணை, எங்கள் ஊரில் நடுக்குளிர்காலமான ஜூலை மாதம், ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என்றார்கள். சனிக்கிழமை நெவ்வுக்கு முடி வெட்டிவிட்டேன். ஞாயிறு அவன் ஷூவுக்கு மெருகு போட்டேன், சட்டையை இஸ்திரி போட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்குப் பேண்ட்டை எடுக்க அலமாரியைத் திறந்தேன். உள்ளே சைக்கிள் பேண்ட்தான் இருந்தது. நல்ல பேண்ட் மூன்றும் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஓர் இரும்பு லாக்கருக்குள் தொங்கிக்கொண்டிருந்தன. பணிமனை திங்கள் எட்டு மணிக்குத்தான் திறக்கும். என்னுடைய நல்ல பேண்ட்டும் பள்ளிக்கூடத்தில். சட்டம் போட்ட எனக்கே சட்டம் மறந்துபோயிருந்தது. அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அழுவதற்குச் சோம்பலாக இருந்தது. கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கலாம்தான். ஆனால் ஒரு மாதம் நாற்காலி முதுகில் கிடந்து பழகாத துணியை நெவ் உடம்பில் ஏற்றமாட்டான்.

"நெவ், நாளைக்கு நாம போற எடத்துக்கு நல்ல பேண்ட் போடணும்டா."

"வேலைல இருக்கு."

"தெரியும். காலையில அங்க போயி எடுத்துக்கலாம்."

"நாளைக்கு வேலையா?"

"இல்ல. லீவு."

"அப்ப வேலை பேண்ட் எதுக்கு?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படியாவது பேசி முடித்துவிட வேண்டும் என்று இருந்தது.

"நோலீன் வீட்டுப் பக்கத்துல உனக்குத் தனி ரூம் இருக்காம். ஹீட்டர் இருக்காம். மழையில நனைய வேண்டாம், வேன்லயே போயி வேன்லயே வந்துரலாம். நல்லாத்தான இருக்கும்?"

பழைய காரை விற்க வந்தவன் குரலில் கேட்டேன். அது என் காதிலேயே விழுந்தது.

நெவ் யோசித்தான். "சைக்கிள் எங்க வெக்கறது?"

"அங்க சைக்கிள் இல்லடா."

அவன் எழுந்து கராஜுக்குப் போனான். வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தான். முந்தின நாள்தான் துடைத்திருந்தான்.

திங்கள் காலை நல்ல மழை. ஓடையில் தண்ணீர் ஏறிப் பாலத்துக்கு அடியில் பாதை முழுகிவிட்டது. ரோட்டுக்கு ஏறி, கார்களுக்கு ஓரமாக ஒதுங்கி ஒதுங்கிப் போனோம். எட்டு மணிக்குப் பணிமனை. நெவ் லாக்கரைத் திறந்து ஒரு வேலை பேண்ட்டை எடுத்தான், துண்டை விரித்தான், அவசரமே இல்லாமல் சுருட்டிப் பைக்குள் வைத்தான். அதைப் போட்டுக்கொண்டு சைக்கிள் ஓட்ட முடியாது, அது சரிதான். போன இடத்தில் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் போய் என்னுடையதை எடுக்க நேரமில்லை. நான் எப்படி இருந்தால் யாருக்கு என்ன என்று விட்டுவிட்டேன்.

நகரத்தில் தீர்ப்பாயக் கட்டடத்தின் கழிப்பறையில் துண்டைப் பிரித்து நீட்டினேன்.

"மாத்திக்க."

"இது வேலை இல்ல."

"நெவ், இன்னிக்கு ஒருநாள்."

"வேலை பேண்ட் வேலைக்கு," என்றான். நான் சொல்லிக்கொடுத்த அதே குரலில் சொன்னான்.

"டேய், உன் நல்லதுக்குத்தாண்டா சொல்றேன்! போட்டுத் தொலையேன்டா!"

கை காயவைத்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். நெவ் பையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றான். அவனை நோக்கி நான் கத்தியது அம்மா செத்தபிறகு அதுதான் முதல் தடவை. துண்டைச் சுருட்டி அவன் கையிலேயே கொடுத்தேன். தோற்றால் தோற்போம் என்று தோன்றியது. ஈரத்தோடு, சேற்றுப் புள்ளிகளோடு, வலது காலைச் சாக்ஸுக்குள் செருகியபடியே இருவரும் வெளியே வந்தோம்.

நோலீன் கம்பளிக் கோட்டில் நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் வாயில் கை வைத்தாள்.

"அடக் கடவுளே. இன்னிக்குமாடா?"

ஆனால் அடுத்த நொடியே டிஷ்யூவை எடுத்து நெவ்வின் கன்னத்தில் இருந்த சேற்றைத் துடைத்தாள். மெதுவாகத்தான் துடைத்தாள். அவளை என்னால் முழுசாக வெறுக்கக்கூட முடியவில்லை.

சின்ன அறை, நீள மேசை, தண்ணீர் ஜாடி. விசாரித்தவர் பெல்லமி என்ற அம்மாள். நரைத்த குட்டை முடி, மூக்கின் நுனியில் கண்ணாடி. முதலில் நெவ்விடம்தான் பேசினார்.

"உங்கள எப்படிக் கூப்புடறது? நெவிலா, நெவ்வா?"

"நெவ்."

"சரி நெவ். இன்னிக்கு இங்க எப்படி வந்தீங்க?"

"சைக்கிள். பாலத்துல தண்ணி. மேல ஏறி வந்தோம்."

அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். பிறகு நோலீனைப் பேசச் சொன்னார். நோலீன் படங்களைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்திருந்தாள். எங்கள் வீட்டுக் கொடி, மூன்று பேண்ட், உள்பக்கம் வெளியே. முதல் இரண்டில் என் ஒட்டுகள் தெரிந்தன. அவற்றைப் பார்க்க எனக்கு வெட்கமில்லை. மூன்றாவதை அவள் மேசையின் நடுவில் வைத்தாள்.

"இதப் பாருங்க மேடம். இதுக்கு மேல நான் என்ன சொல்றது?"

பார்த்தேன். பாத்திரம் துடைக்கிற கோடுபோட்ட துணியில் ஒரு துண்டு. ஓரம் மடிக்காமல், கோணல்மாணலாக, சிவப்பு நூலில் கையால் தைத்திருந்தது. தையல் ஒரு பக்கம் நெருக்கம், ஒரு பக்கம் அகலம். முடிவில் ஒன்றுக்கு நான்கு முடிச்சு, ஒவ்வொன்றும் கொண்டைக்கடலை அளவு. எவ்வளவு களைத்திருந்தாலும் என் கை இப்படித் தைக்காது.

"இது நான் தெச்சதில்ல," என்றேன்.

"பின்ன யாரு? வீட்ல வேற யாரு இருக்கா?" என்றாள் நோலீன்.

"நான்," என்றான் நெவ்.

எல்லோரும் அவனைப் பார்த்தோம். அவன் படத்தைத் தன் பக்கம் இழுத்து, இடுப்புப்பட்டையில் விரலை வைத்தான்.

"இது என்னுது இல்ல. கீத்தோடது. எழுத்து இருக்கு பாருங்க."

இருந்தது. என் எழுத்துதான். நோலீன் படத்தின்மேல் குனிந்தாள், பிறகு நிமிர்ந்தாள்.

"எப்ப தெச்சீங்க நெவ்?" என்று பெல்லமி கேட்டார்.

"ஞாயித்துக்கெழம. கீத் என்னுத ஜன்னல்ல புடிச்சுப் பாத்தான். அவனுத பாக்கல. தூங்கிட்டான். நான் புடிச்சேன். வெளிச்சம் வந்துச்சு."

"மெஷின்லயா?"

"மெஷின் தொடக்கூடாது. அம்மா டப்பால ஊசி இருக்கு. செவப்பு நூல் மட்டும்தான் இருந்துச்சு."

"ஏன் கீத்த எழுப்பிச் சொல்லல?"

நெவ் அவரை விநோதமாகப் பார்த்தான், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

"சொன்னா எழுந்துருவானே."

என் கை தானாக மேசைக்கு அடியில் போனது. நாற்காலிக்கும் எனக்கும் நடுவே விரலை நுழைத்துத் தடவினேன். ஈரத்துணிக்கு உள்ளே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு முடிச்சு. ஏப்ரலிலிருந்து சீட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். மூன்று மாதமாகத் துவைத்தேன், கொடியில் போட்டேன், எடுத்தேன், மாட்டினேன். ஒருதடவைகூடப் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் ஜன்னல் வெளிச்சத்தைப் பற்றி உபதேசம் செய்கிறவன் நான்.

"இது ஒண்ணுதானா?" என்று பெல்லமி கேட்டார்.

நெவ் விரல் விட்டு எண்ணினான். "மூணு. கீத்கிட்ட மூணு பேண்ட் இருக்கு."

பிறகு யாரும் கேட்காமலே பையைத் திறந்து துண்டை எடுத்தான். மேசையில் வைத்து உருட்டிப் பிரித்தான். உள்ளே வேலை பேண்ட், கோடு இல்லை, கறை இல்லை, ஈரம் இல்லை. அதை அந்த அம்மாள் பக்கம் நகர்த்தினான்.

"இது வேலைக்கு." எழுந்து நின்று தன் சேற்றுப் பேண்ட்டைத் தட்டிக் காட்டினான். "இது சைக்கிளுக்கு. நோலீனுக்குத் தெரியாது. நோலீன் காரு."

பெல்லமியின் வாயோரம் அசைந்தது. வேலை பேண்ட்டைத் தொட்டுப் பார்த்தார். எத்தனை வருடமாகப் போடுகிறீர்கள் என்று கேட்டார். நெவ்வுக்கு வருடக் கணக்கு வராது. ஆறு வருடம் என்று நான் சொன்னேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நெவ், நோலீன் சொல்ற வீட்டுக்குப் போக உங்களுக்கு விருப்பமா?"

"இல்ல."

"ஏன்?"

"சைக்கிள் வெக்க எடமில்ல." கொஞ்சம் யோசித்தான். "கீத்துக்கு பேண்ட் பாக்க ஆள் இல்ல."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே மழையைத் தவிர ஒன்றும் இல்லை.

"கீத்," என்றார் பெல்லமி. "நீங்க ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்களா?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்ல வாரக்கணக்கில் பழகி வைத்திருந்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லவேண்டும் என்று திட்டம். நிமிர்ந்தபோது முடிச்சு உறுத்தியது.

"ஆமா," என்றேன். "ரொம்ப."

அவர் வெகுநேரம் எழுதினார். காப்பாளர் யாரும் தேவையில்லை, எங்கே இருக்க வேண்டும் என்பதை நெவ் தானே தெளிவாகச் சொல்லிவிட்டார் என்றார். முறையான உத்தரவு தபாலில் வரும் என்றார். கடைசியாக எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, களைப்பாக இருக்கிறது என்று சொல்ல ஒருவர் தீர்ப்பாயம்வரை வரவேண்டியதில்லை என்றார். எனக்குச் சொன்னாரா நோலீனுக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. இருவருமே தலைகுனிந்துகொண்டோம்.

வெளியே வந்ததும் நோலீன் என் முதுகில் பலமாக ஒன்று வைத்தாள். அழுதுகொண்டே அடித்தாள்.

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"எத?"

"முடியலன்னு."

"சொல்லியிருந்தா வேன் அனுப்பியிருப்ப."

"ஆமா, அனுப்பியிருப்பேன்! நான் வேற எதக் கண்டேன்?" மூக்கைச் சிந்தினாள். என் தோளைப் பிடித்துத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். "போட்டிருக்கியா? அதேதான?"

"அதேதான்."

"எப்படித்தாண்டா உக்கார்ற அதுமேல?"

நெவ் எங்களைக் கவனிக்கவில்லை. சைக்கிள்கள் நின்ற இடத்துக்குப் போய், கையால் இரண்டு சீட்டிலும் இருந்த மழைத்தண்ணீரை வழித்துக்கொண்டிருந்தான். நான் ஏறப் போனபோது குனிந்து பார்த்து, "கீத், வலது கால்," என்றான். என் பேண்ட் எப்போதோ சாக்ஸிலிருந்து வெளியே வந்திருந்தது. செருகிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மதியம் நோலீன் வரவில்லை, அது முதல் ஞாயிறு இல்லை. ஆனால் இனி ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு வருகிறேன் என்று போனில் சொன்னாள். வருவாளா என்று பார்க்கலாம். சமையலறையில் நெவ்வின் பேண்ட்டை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன், நன்றாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன். கடையில் கருநீல நூலும் நல்ல ஊசியும் வாங்கி அம்மாவின் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன், அவனிடம் எதுவும் சொல்லவில்லை. ஷூவைக் கழற்றினேன். கண்ணை மூடினேன்.

தூக்கம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் நாற்காலி நகர்கிற சத்தம், டப்பா திறக்கிற சத்தம். ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். நெவ் ஜன்னலருகே எனக்கு முதுகு காட்டி நின்று என் பேண்ட்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தான். அவன் போட்ட ஒட்டுக்குப் பக்கத்திலேயே புதிதாக ஓர் இடத்தில் வெளிச்சம் வந்தது. எனக்கும் தெரிந்தது. அவன் திரும்பி நான் தூங்குகிறேனா என்று பார்த்தான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

நான் எழுந்திருக்கவில்லை.